வைஃபை வழிக் குரல் அழைப்பு: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் முறை

வைஃபை வழியாகக் குரல் அழைப்பை ஒரு கட்டடத்திலோ வளாகத்திலோ தொடங்கிவைப்பவர்களிடம் முதலில் வந்து சேரும் புகார் பெரும்பாலும் "பேச்சு சரியாகக் கேட்கவில்லை" என்பதாகத்தான் இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ரூட்டரின் அமைவுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நாள்களை விழுங்கிவிடும். யாருக்குக் கேட்கவில்லை, பேச்சு தொடங்கி எத்தனை நொடியில் கெட்டது, பேசியவர் அப்போது நின்றுகொண்டிருந்தாரா நடந்துகொண்டிருந்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்துவிட்டால், கோளாறு வானலையில் இருக்கிறதா, கம்பி வலையமைப்பில் இருக்கிறதா, அழைப்பை இணைக்கும் சமிக்ஞையில் இருக்கிறதா என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். ஆகவே எந்த அமைவையும் தொடுவதற்கு முன், புகார் சொன்னவரிடம் இம்மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

காணொளி தடையின்றி ஓடும்போது அழைப்பு மட்டும் ஏன் கெடுகிறது என்ற ஐயம் எல்லா இடங்களிலும் எழுகிறது. குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 என்ற கோடெக்கைப் பயன்படுத்தும் ஓர் அழைப்பு, 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் (சிறு தரவுப் பொட்டலம்) வீதம், ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 50 பாக்கெட்டுகளை அனுப்புகிறது. ஒரு பாக்கெட்டில் 160 பைட் குரலும் 40 பைட் தலைப்புகளும் இருப்பதால், ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட் போதுமானது. அழைப்புக்கு இணைப்பின் வேகம் பெரிதன்று. ஒவ்வொரு பாக்கெட்டும் தனக்குரிய நேரத்தில் வந்து சேர்வதே அதற்கு முக்கியம். காணொளி பல நொடிகளுக்கான தரவை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும். உரையாடலில் அதற்கு வழியில்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் பாதிக்கப்படுவதில்லை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. ஜிட்டர், அதாவது பாக்கெட்டுகள் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம், 30 மில்லிநொடிக்கும், பாக்கெட் இழப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் வைத்துக்கொள்ளும் இலக்கு. வேகச் சோதனைத் தளங்கள் காட்டும் மெகாபிட் கணக்கைக் கொண்டு இவற்றில் எதையும் முடிவு செய்ய இயலாது.

சோதனைக்கு இரண்டு கைபேசிகளும், வலையமைப்புப் போக்குவரத்தைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை நிறுவிய ஒரு மடிக்கணினியும், ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்துத் தரக்கூடிய ஸ்விட்சும் தேவை. பதிவை இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும்: வைஃபை அலையைப் பரப்பும் கருவியான ஆக்சஸ் பாயிண்ட் கம்பியில் இணையும் இடத்தில் ஒன்று, அழைப்பு சர்வரின் வாயிலில் ஒன்று. கைபேசியிலிருந்து புறப்படும் ஆர்டிபி ஓட்டம் (குரலைச் சுமக்கும் பாக்கெட்டுகளின் தொடர்) முதல் இடத்திலேயே பாக்கெட்டுகளை இழந்திருந்தால் கோளாறு வானலையில் உள்ளது. அங்கே முழுமையாக இருந்து சர்வரின் வாயிலில் குறைந்திருந்தால் இடைப்பட்ட வலையமைப்பில் உள்ளது. இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் மேற்கொள்ளும் திருத்தங்கள் பெரும்பாலும் ஊகங்களே.

அழைப்பு இணைகிறது, ஆனால் ஒரு பக்கத்துக் குரல் அறவே கேட்கவில்லை

மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், நேரக் கணக்கு ஓடுகிறது, ஆனால் ஒரு திசையில் குரலே இல்லை என்றால், அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி சமிக்ஞை சென்று சேர்கிறது, ஆர்டிபி குரல் சென்று சேரவில்லை என்று பொருள். இரண்டும் வெவ்வேறு பாதைகளில் பயணிப்பவை. எஸ்ஐபி வழக்கமாக 5060 அல்லது 5061 என்று எண்ணிட்ட போர்ட் (தரவு சென்று சேரும் எண்ணிட்ட வாயில்) வழியாக சர்வருக்குச் செல்கிறது. குரலோ, அழைப்பு தொடங்கும்போது இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளும் வேறொரு யுடிபி போர்ட்டில் செல்கிறது.

வயர்ஷார்க்கில், அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியைத் திறந்து, அதனுள் குரல் பரிமாற்ற விவரங்களைக் கூறும் எஸ்டிபி பகுதியில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் வரியைப் பார்க்க வேண்டும். "குரலை இந்த முகவரிக்கு அனுப்புக" என்று எதிர்த்தரப்புக்குச் சொல்லும் வரி அது. வெளியில் உள்ள சர்வரை வந்தடைந்த செய்தியில் அந்த இடத்தில் 192.168.1.20 போன்றதொரு தனியார் முகவரி இருந்தால், சர்வர் தன் குரல் பாக்கெட்டுகளை இணையத்தில் எங்குமே இல்லாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியையும் பாதையையும் கண்டறிய உதவும் ஸ்டன், ஐஸ் ஆகியவற்றைக் கைபேசிச் செயலியில் இயக்குவதும், அவை போதாத கடுமையான வலையமைப்புகளில் குரலை இடையில் நின்று கடத்தும் டர்ன் சர்வரை வைப்பதும் முறையான தீர்வு. குரல் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பியனுப்பும்படி சர்வரை அமைப்பதும் பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது.

ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஸ்ஐபி செய்திகளைத் திறந்து, உள்ளே இருக்கும் முகவரிகளைத் தானே திருத்தி எழுதும் இவ்வசதி நல்ல நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது. ஆயினும் பல ரூட்டர்களில் அது பாதியை மட்டும் திருத்திவிட்டு மீதியை விட்டுவிடுகிறது. செயலியும் சர்வரும் தாமே இப்பணியைச் செய்துகொள்ளும் இன்றைய நிலையில், அதை நிறுத்திவிட்டுச் சோதனையைத் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வெளி எண்களுடன் பேசும்போது எல்லாம் சரியாக இருந்து, ஒரே வைஃபையில் உள்ள இரு கைபேசிகள் தம்முள் பேசும்போது மட்டும் இரு திசையிலும் மௌனம் நிலவினால், என்ஏடி-யை, அதாவது ரூட்டர் உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் முறையை, ஆராய வேண்டியதில்லை. ஒரு வைஃபையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளாதபடி தடுக்கும் தனிமைப்படுத்தல் அமைவு இயங்கிக்கொண்டிருக்கும். விருந்தினர்களுக்கான வைஃபையில் இது தேவையான பாதுகாப்பு. ஆகவே அதை நீக்குவதைவிட, குரலுக்கெனத் தனியாக ஒரு வைஃபை பெயரையும் விலேனையும் (அதே கருவிகளில் பிரித்து அமைக்கும் தனி வலையமைப்பையும்) அமைப்பதோ, குரல் முழுவதும் சர்வர் வழியாகவே செல்லும்படி செய்வதோ நல்லது.

அழைப்பு சரியாக 32 நொடியில் அறுந்துவிடுகிறது

கடிகாரம் வைத்தது போல ஒரே நொடியில் அறுபடும் அழைப்பைக் கண்டால் வானலையைச் சந்தேகிக்க வேண்டாம். வானலைக் கோளாறுக்கு இத்தகைய ஒழுங்கு கிடையாது. அழைப்பை எடுத்த தரப்பு "200 ஓகே" என்று அனுப்பியதும், அழைத்த தரப்பு "ஏசிகே" என்ற ஒப்புகையை அனுப்ப வேண்டும். அது வந்து சேராவிட்டால் "200 ஓகே" மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். எஸ்ஐபி-யை வரையறுக்கும் இணையத் தர ஆவணமான, 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261, இதற்கான காத்திருப்பை அடிப்படைக் கால அளவான 500 மில்லிநொடியின் 64 மடங்காக வரையறுத்துள்ளது. அதுவே 32 நொடி. இடைப்பட்ட நேரத்தில் குரல் இரு பக்கமும் நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதால்தான் இந்தக் கோளாறு பலரையும் குழப்புகிறது. பதிவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும் "200 ஓகே" செய்திகளைக் கண்டதும், அவற்றின் கான்டாக்ட் தலைப்பில் எந்த முகவரி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்புகை அந்த முகவரியை நோக்கியே அனுப்பப்படுவதால், அங்கே எட்ட முடியாத தனியார் முகவரி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

15 நிமிடத்தையோ 30 நிமிடத்தையோ ஒட்டி அறுபடும் அழைப்புகள் வேறு வகை. ஆர்எஃப்சி 4028 பரிந்துரைக்கும் அமர்வுக் கால அளவு 1800 நொடி. அதில் பாதி கடந்ததும் புதுப்பிப்புக் கோரிக்கை போக வேண்டும். அதற்குள் ஃபயர்வால் தன் அட்டவணையிலிருந்து எஸ்ஐபி இணைப்பை நீக்கியிருந்தால், அந்தக் கோரிக்கை மறுமுனையை அடையாது. ஃபயர்வாலின் கால அளவை நீட்டுவதோ, 30 நொடிக்கு ஒருமுறையேனும் கைபேசி ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பாதையைத் திறந்து வைத்திருக்கும்படி அமைப்பதோ இதற்குத் தீர்வு.

ஓரிடத்தில் நின்றபடியே பேசினாலும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது

முதலில் அலை வலிமையைப் பார்க்கலாம். அது டிபிஎம் என்ற அளவில் எதிர்ம எண்ணாகக் காட்டப்படும்; எண் 0-ஐ நெருங்க நெருங்க வலிமை கூடும். குரலுக்கு -67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல வலிமையும், இரைச்சலைவிட 25 டெசிபல் உயர்வும் தேவை என்பது வைஃபை வடிவமைப்பாளர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு. -75 டிபிஎம்மில் இணையப் பக்கங்கள் திறக்கும் என்பதற்காக அங்கே பேசிவிடலாம் என்று எண்ணக் கூடாது.

வலிமை நன்றாக இருந்தும், நாம் பேசுவது மட்டும் எதிரில் உள்ளவருக்குத் துண்டு துண்டாகக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குத் தெளிவாக இருக்கிறது என்றால், ஆக்சஸ் பாயிண்டின் அனுப்பும் திறன் கைபேசியின் திறனைவிட மிகுந்து இருக்கக்கூடும். ஆக்சஸ் பாயிண்டின் குரல் கைபேசியை எட்டும். கைபேசியின் மெலிந்த அலை திரும்பி எட்டாது. திரையில் வைஃபை கோடுகள் நிறைந்திருப்பது ஒரு திசையை மட்டுமே காட்டுகிறது. இந்நிலையில் திறனைக் கூட்டுவதற்குப் பதிலாக, கைபேசியின் அளவை ஒட்டிக் குறைப்பதே சரி. அதனால் மூலைகளில் வெற்றிடம் தோன்றினால் இன்னொரு ஆக்சஸ் பாயிண்டைச் சேர்க்க வேண்டும்.

இரு பக்கமும் கெட்டால், சேனலின் நெரிசலைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. குரலை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது பெரும் நிவாரணம் தரும். அத்துடன், 1, 2, 5.5, 11 மெகாபிட் என்ற பழைய வேகங்களை 2.4 கிகாஹெர்ட்ஸில் நிறுத்திவிட வேண்டும். ஒரு ஜி.711 பாக்கெட் 1 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய 2 மில்லிநொடி வானலையைப் பிடித்துக்கொள்கிறது. 54 மெகாபிட் வேகத்தில் அதற்கு முப்பதில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. எங்கோ மூலையில் நின்று 1 மெகாபிட்டில் பேசும் ஒரே ஒரு கருவி, அதே சேனலில் உள்ள எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்து, அலுவல் மிகுந்த நேரங்களில் மட்டும் குரல் உடைந்தால், முன்னுரிமை அமைவைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போகும் இடம் இதுதான். வைஃபையில் டபிள்யுஎம்எம் என்ற முறை போக்குவரத்தைக் குரல், காணொளி, பொது, பின்னணி என நான்கு வரிசைகளாகப் பிரிக்கிறது. பொது வரிசையில் உள்ள பாக்கெட் வானலை காலியானபின் 0 முதல் 15 வரையிலான ஒரு சீரற்ற எண்ணிக்கை அளவுக்குக் காத்திருக்கிறது. குரல் வரிசையில் உள்ளதற்கு அந்த எல்லை 3 மட்டுமே. ஆகவே குரல் பாக்கெட் சரியான வரிசையில் நின்றால் நெரிசலிலும் முந்திக்கொள்ளும்.

சர்வர் தன் குரல் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியை 46 என்று குறித்து அனுப்புவது வழக்கம். இருமத்தில் 46 என்பது 101110. பல கருவிகள் இதன் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் எடுத்து வைஃபையின் முன்னுரிமை எண்ணாக வைத்துக்கொள்கின்றன. 101 என்றால் 5. ஆனால் வைஃபையில் 4, 5 ஆகிய எண்கள் காணொளி வரிசைக்கும், 6, 7 ஆகியவை குரல் வரிசைக்கும் உரியவை. இதனால், எல்லோரும் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்திருந்தும், குரல் காணொளி வரிசையில் போய் நிற்கிறது. 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8325 இந்த முரண்பாட்டைக் களைவதற்காகவே 46ஐ 6ஆக மாற்றும்படி கூறுகிறது. கம்பியில் அன்றி வானலையிலேயே எடுத்த பதிவில் ஒரு குரல் பாக்கெட்டைத் திறந்து, அதன் கியூஓஎஸ் கட்டுப்பாட்டுப் புலத்தில் இருக்கும் முன்னுரிமை எண்ணைப் பார்த்தால் உண்மை தெரியும். குரல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் அந்தப் புலம் மறைக்கப்படுவதில்லை. அதே பதிவில் மறு அனுப்பல்களின் விகிதத்தையும் காணலாம். அது 10 விழுக்காட்டைத் தாண்டினால் சேனல் குரலுக்கு உகந்ததாக இல்லை. எதிர்த்திசையையும் மறக்கக் கூடாது: கைபேசியிலிருந்து 46 எனப் புறப்படும் பாக்கெட், ஸ்விட்ச் அந்தக் குறியை நம்பும்படி அமைக்கப்படாவிட்டால், 0 ஆகச் சர்வரைச் சேரக்கூடும்.

நெரிசல் வானலையில் இல்லாமல் இணைய இணைப்பின் பதிவேற்றத் திசையிலும் இருக்கலாம். யாரேனும் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கியதும் பிங் தாமதம் 20 மில்லிநொடியிலிருந்து பல நூறுக்குத் தாவினால், ரூட்டரின் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்குகின்றன. எஃப்கியூ-கோடல் போன்ற வரிசை மேலாண்மையை இயக்கி, அதன் வேக வரம்பை உண்மையான பதிவேற்ற வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால் இது தீரும்.

நடக்கத் தொடங்கியதும் குரல் மறைகிறது

ஓர் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து அடுத்ததற்குக் கைபேசி தாவும் இடத்தில் குரல் ஒரு நொடியோ அதற்கும் மேலோ மறைந்து, பிறகு திரும்பினால், தாவலின்போது முழு அங்கீகாரமும் புதிதாக நடக்கிறது என்று கொள்ளலாம். அலுவலகங்களில் பயன்படும் 802.1எக்ஸ் அங்கீகாரத்தில் ஒவ்வொரு தாவலுக்கும், பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர்வரை சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சர்வர் தொலைவில் இருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிறது. 2008இல் வந்த 802.11ஆர் என்ற வைஃபை தரநிலை, மறையாக்கச் சாவிகளை முன்கூட்டியே பகிர்ந்துகொள்வதன் மூலம் இந்த இடைவெளியைக் காதுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்குகிறது. அண்டை ஆக்சஸ் பாயிண்டுகளின் பட்டியலைக் கைபேசிக்குத் தரும் 802.11கே-யையும் சேர்த்தே இயக்க வேண்டும். அது இல்லையேல் கைபேசி எல்லாச் சேனல்களையும் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கும். பழைய கருவிகள் சில 802.11ஆர் இயங்கும் வைஃபையில் இணைய மறுப்பதுண்டு என்பதால், குரலுக்கான பெயரில் மட்டும் அதை இயக்குவது பாதுகாப்பானது.

குரல் மறைந்தபின் திரும்பவே இல்லை என்றால், தாவிய இடத்தில் கைபேசிக்குப் புதிய ஐபி முகவரி கிடைத்திருக்கும். இரண்டு மாடிகள் இரண்டு வேறு விலேன்களில் இருக்கும் கட்டடங்களில் இது இயல்பாக நேர்கிறது. குரல் விலேனைக் கட்டடம் முழுவதற்கும் ஒன்றாக நீட்டுவதோ, ஆக்சஸ் பாயிண்டுகளை மையமாக நிர்வகிக்கும் கன்ட்ரோலர் வழியாகப் பழைய முகவரியைத் தக்கவைப்பதோ வேண்டும்.

தாவ வேண்டிய இடம் வந்தும் கைபேசி பழைய ஆக்சஸ் பாயிண்டையே பற்றிக்கொண்டு, -80 டிபிஎம் வரை இழுத்துச் சென்று அறுபடுவதும் உண்டு. எப்போது தாவுவது என்பதைக் கைபேசியே தீர்மானிக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் பரிந்துரைக்க மட்டுமே இயலும். தாழ்ந்த வேகங்களை நிறுத்துவதும், அனுப்பும் திறனைக் குறைப்பதும் கைபேசியை உரிய நேரத்தில் தாவத் தூண்டும். மின்தூக்கி, தீத்தடுப்புக் கதவு, படிக்கட்டின் திருப்பம் ஆகிய மூன்று இடங்களிலும் அலை சட்டென்று விழுவதால், நடைச் சோதனையில் இவற்றை இரு திசையிலும் கடந்து பார்க்க வேண்டும். கதவுகள் மூடிய நிலையில்தான் சோதிக்க வேண்டும்.

யாரும் நகராமலேயே ஒரு பகுதி முழுவதிலும் அழைப்புகள் ஒரே நேரத்தில் அறுந்தால், 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாருடன் பகிரப்படும் சேனலில் அந்த ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிறதா என்று அதன் பதிவேட்டில் பார்க்கலாம். ரேடார் அலையை உணர்ந்ததும் 10 நொடிக்குள் அது அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அத்தகைய இன்னொரு சேனலில் தொடங்குவதற்கு முன் குறைந்தது 60 நொடி கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும். விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ அருகில் உள்ள கட்டடங்களில் குரலை அச்சேனல்களில் வைக்காதிருப்பதே நலம்.

அழைப்பு வருவது தெரிவதில்லை

வெளியே அழைக்க முடிகிறது, உள்வரும் அழைப்புக்கு மட்டும் மணி அடிக்கவில்லை என்றால், என்ஏடி பாதை மூடிவிட்டது அல்லது கைபேசி உறங்கிவிட்டது. கைபேசி தன் முகவரியைச் சர்வரிடம் தெரிவித்துச் செய்துகொள்ளும் எஸ்ஐபி பதிவின் ஆயுள் 3600 நொடி என்று வைக்கப்பட்டிருக்க, ரூட்டர் யுடிபி பாதையை ஓரிரு நிமிடத்திலோ அதற்கும் முன்னரோ மூடிவிடுகிறது. சர்வர் கைபேசியைப் பதிவில் இருப்பதாகவே கருதி, மூடிய கதவுக்கு அழைப்பை அனுப்புகிறது. முன்பு சொன்ன 30 நொடிச் செய்தியே இதற்கும் தீர்வு. செயலியைப் பின்னணியில் இயங்கவிடாமல் மின்கலச் சேமிப்பு நிறுத்துகிறதென்றால், புஷ் அறிவிப்பு வழியாக எழுப்பும் வசதி இல்லாமல் எந்த அமைவு மாற்றமும் நிலைக்காது.

எதிரொலியும் எண் அழுத்தமும்

தன் குரலே தனக்குத் திரும்பிக் கேட்கிறது என்பவரின் கைபேசி பெரும்பாலும் குற்றமற்றது; எதிர்முனையின் ஒலிபெருக்கி மைக்கில் புகுந்து திரும்புகிறது. தாமதம் கூடக்கூட அது உறுத்தலாகத் தெரியும் என்பதால், புதிதாக எழுந்த எதிரொலிப் புகாரைத் தாமதம் அதிகரித்ததன் அடையாளமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். "1 அழுத்தவும்" என்ற தானியங்கிக் குரலுக்கு எண் பதியவில்லை என்றால், இரு முனைகளும், எண் அழுத்தங்களைத் தனி பாக்கெட்டுகளாக அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறையில் இசைந்துள்ளனவா என்று பார்த்தால் போதும்.

கைபேசி நிறுவனத்தின் வைஃபை அழைப்பு மட்டும் இயங்கவில்லை

சிம் எண்ணிலேயே வைஃபை வழியாக அழைக்கும் வசதி, கைபேசியிலிருந்து நிறுவனத்தின் நுழைவாயில்வரை ஒரு ஐபிசெக் சுரங்கத்தை (மறையாக்கம் செய்த பாதையை) அமைத்துக்கொள்கிறது. யுடிபி 500, 4500 ஆகிய இரு போர்ட்டுகளும் வெளிச்செல்லத் திறந்திருந்தால் போதும். உள்நோக்கிய விதி எதுவும் தேவையில்லை. உலாவியில் உள்நுழைவுப் பக்கம் கேட்கும் விருந்தினர் வைஃபையில், அந்தப் பக்கத்தைக் கடக்கும்வரை சுரங்கம் அமையாது.

தொடங்கிவைப்பதற்கு முன்

வெற்றுக் கட்டடத்தில் விடுமுறை நாளில் செய்யும் சோதனை எதையும் உறுதிப்படுத்தாது. மனித உடலே அலையை உறிஞ்சுகிறது. நெரிசல் ஆட்களோடுதான் வருகிறது. எனவே முதலில் ஒரு துறையினருக்கு மட்டும் கொடுத்து, வேலை நாள்களின் உச்ச நேரம் கடந்து போவதைப் பார்க்க வேண்டும். பயனர்கள் வைத்திருக்கப்போகும் அதே கைபேசி வகைகளையே சோதிக்க வேண்டும். தாவும் இயல்பு கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. ஓர் ஆக்சஸ் பாயிண்டின் கீழ் எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் அழைப்புகளை ஒரே நேரத்தில் நடத்தி, அவற்றுக்கிடையே பெரிய கோப்பொன்றைப் பதிவிறக்கிக் குரல் தரத்தின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளலாம். 5க்கு அளக்கப்படும் எம்ஓஎஸ் அளவில் ஜி.711 எட்டக்கூடிய உச்சம் ஏறக்குறைய 4.4; அது 4க்குக் கீழே இறங்கும் இடங்களைப் பரவலாக்கத்துக்கு முன்பே சீர்செய்ய வேண்டும், 3.6க்குக் கீழே எனில் அங்கே வசதியைத் திறக்கவே கூடாது.

அவசர எண்ணுக்கான அழைப்பைத் தனியே, உரிய அலுவலகத்திடம் முன்கூட்டியே தெரிவித்து நேரம் பெற்றுக்கொண்டு, சோதிக்க வேண்டும். வைஃபையில் பேசும் கைபேசியின் இருப்பிடம் தானாகச் சரியாகத் தெரிவதில்லை. வேறொரு கட்டடத்தின் முகவரி போய்ச் சேர்ந்தால் உதவி அங்கேதான் போகும். எந்த ஆக்சஸ் பாயிண்ட் எந்த மாடியில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற அட்டவணையைச் சர்வரில் ஏற்றி, ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் அப்போதே மின்னிணைப்பைத் துண்டித்துப் பார்த்துவிட வேண்டும். இவை அனைத்தும் முடியும்வரை, ஒவ்வொரு மாடியிலும் ஒரு கம்பித் தொலைபேசியேனும் இயங்கும் நிலையில் இருக்கட்டும்.